இடுகுறியும் தனிப்பெயரும்

தனிப்பெயர்க்குப் பொருள் உண்டோ என்னும் வினாவை, 1843-இல் வெளிவந்த தம் அளவை நூலில் ஜான் ஸ்டூவர்ட் மில் ஆராய்ந்தார். தனிப்பெயர் ஒன்றைச் சுட்டும்; அதன் பண்பை உணர்த்தாது என்பது அவர் முடிபு. டார்ட் ஆற்றின் முகத்துவாரத்து ஊர் டார்ட்மத் எனப்படும். ஆறு விலகிச் செல்லினும் அப்பெயர் அவ்வூர்க்கு ஒழியாது என்றார்.

1892-இல் கோட்லாப் பிரேகே இதனின் வேறுபட்டார். விடிவெள்ளியும் மாலைவெள்ளியும் ஒரே கோள். எனினும் அவை ஒன்றென அறிதல் புதிய அறிவாம். ஆதலின் சுட்டப்படும் பொருளின் வேறாகக் கருத்தொன்றும் பெயர்க்கு உண்டு என்றார். 1970-இல் பிரின்ஸ்டனில் சொற்பொழிவாற்றிய சால் கிரிப்கி, பெயரிட்ட நிகழ்ச்சி தொட்டு வழிவழி வரும் வழக்கே பெயரைப் பொருளொடு பிணிக்கும் எனக் காட்டி, மில்லின் கொள்கைக்கு மீண்டும் வலிவூட்டினார்.

நம் இலக்கணத்து இடுகுறிப்பெயரே மில் கூறும் தனிப்பெயர் எனக் கொள்ளுதல் எளிது, ஆயின் பொருந்தாது. நன்னூல் நெறியில் மரம் என்னும் பொதுப்பெயரும் இடுகுறியே. டார்ட்மத்தோ அந்நெறியிற் காரணப்பெயராம். இடுகுறி, காரணம் என்னும் பகுப்பு பெயர் பிறந்த வகையை நோக்கியது; மில்லின் பகுப்பு பெயர் வழக்கில் உணர்த்துவதை நோக்கியது. வினா வேறாதலின், விடைகளை ஒன்றெனக் காட்டுதல் இரு மரபுக்கும் பெருமை தாராது என்பது எம் துணிபு.