பனிவெளியில் எழுந்த குரல்

கம்பியில்லாத் தந்தியின் வரலாற்றை எழுதுவோர் மார்க்கோனியையும் பெரிய நிலையங்களையும் புகழ்வர். ஊதியம் கருதாது, ஆர்வம் ஒன்றே காரணமாக வானலைகளைச் செவிமடுத்த எளியோர்க்கும் அவ்வரலாற்றில் இடமுண்டு. 1928ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்றே அதற்குச் சான்று.

அவ்வாண்டு மே 24இல் இத்தாலியத் தளபதி உம்பர்த்தோ நொபிலே ‘இத்தாலியா’ என்னும் ஆகாயக் கப்பலில் வடதுருவத்தை அடைந்தார். மறுநாள் திரும்பும் வழியில் கப்பல் பனிப்பரப்பில் மோதியது. 16 பேருள் 10 பேர் பனிமீது எறியப்பட்டனர். அவருள் ஒருவர் அங்கேயே மாண்டார். ஏனைய 6 பேரையும் சிதைந்த கப்பல் காற்றோடு சுமந்து சென்றது. அவர்களைப் பின்னர் எவரும் கண்டிலர்.

பனிமீது சிதறிய பொருள்களுள் சிற்றலைக் கருவி ஒன்றும் இருந்தது. தந்தியாளர் ஜுசெப்பே பியாஜி உடைந்த குழாய்களை நட்டு வான்கம்பி கட்டி, மின்கலத்தின் துணையால் நாள்தோறும் அபயக்குரல் அனுப்பினார். ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் நின்ற துணைக்கப்பலிலிருந்து விடை வரவில்லை. சிற்றலைகள் வானின் மேலடுக்கிற் பட்டுத் திரும்பித் தொலைவில் இறங்கும் இயல்பின; ஆதலின் அருகில் எட்டாத குரல் நெடுந்தொலைவிற் கேட்பதுண்டு. எனினும், அக்கப்பலினர் ஊன்றிக் கேட்கத் தவறினர் என்று நொபிலே பின்னர் வருந்தினார்.

ஜூன் 3ஆம் நாள், வடரஷ்யச் சிற்றூர் ஒன்றில் நிகொலாய் ஷ்மித் என்னும் இளைஞர், தாமே அமைத்த வானொலிப் பெட்டியில் அக்குரலின் சிதறிய சொற்களைக் கேட்டார். ‘இத்தாலியா’, ‘நொபிலே’ என்பன விளங்கின. உடனே மாஸ்கோவுக்குத் தந்தியடித்தார். சில நாளில் துணைக்கப்பலும் தொடர்பு பெற்றது. மிதந்து நகரும் பனியில் தம் இருப்பிடத்தைப் பியாஜி அறிவித்து வந்தார்.

நொபிலேயைச் சுவீடன் விமானி லுண்ட்போர்க் மீட்டார். கரை தேடி நடந்த மூவருள் மால்ம்கிரென் என்னும் அறிஞர் வழியிலே இறந்தார். எஞ்சியோரைச் சோவியத் பனியுடைப்புக் கப்பலான ‘கிராசின்’ ஜூலை 12இல் காத்தது. ஆக எண்மர் உயிர் தப்பினர்.

பிறர் உயிர் காக்க உதவிய ஷ்மித், ஒற்றர் என்னும் பழி சுமத்தப்பட்டு 1942இல் கொல்லப்பட்டார். பின்னாளில் குற்றமற்றவரென அறிவிக்கப்பட்டார். அவர் பெற்ற பரிசு இது. அவர் ஆற்றிய தொண்டோ அழியாதது.

அண்மையில் இருப்பது மட்டும் உறவாகாது, செவிகொடுத்தலே உறவு. ஊர்விட்டு வந்து ஒரே காலனியில் அடுத்தடுத்து வாழும் நாம் மனத்திற் கொள்ளத்தக்க உண்மை இது.