கடலை மணந்த நகரம்: கனலெத்தோவின் ஓவியமும் வெனிசின் வரலாறும்

அரசொன்றின் வலிமை தேயுங்கால் அதன் விழாக்களும் உடன்தேய்வதில்லை. இதற்குச் சான்று வேண்டுவோர், வெனிசு நகரத்து ஓவியர் கனலெத்தோ (1697–1768) 1730களின் முற்பகுதியில் தீட்டிய கடல் மணவிழா ஓவியத்தை நோக்குவாராக.

இடப்புறத்தே நூல்நிலையம், அதனையடுத்து இரு பெருங் கற்றூண்கள், அப்பால் டோஜ் எனப்பட்ட வெனிசுத் தலைவனின் அரண்மனை. அவ்வரண்மனைக்கு நீர்ப்பரப்பே முன்றில். புச்சின்தோரோ என்னும் பொன்வேய்ந்த கலம் துறையிலே நிற்க, ஒடுங்கிய கொண்டோலாப் படகுகள் அதனை மொய்க்கின்றன. 1729 இல் முதன்முதல் விழாவுக்குச் சென்ற இக்கலத்துக்குத் துடுப்புக்கள் 42. அவற்றை வலித்தோர் 168 பேர். அரசினர் கப்பற்றுறைத் தொழிலாளர்க்கே அவ்வுரிமை இருந்தது. மேற்றளத்தில் பெருமக்கள், கீழ்த்தளத்தில் உழைப்பாளர். ஓவியத்தில் நம் கண்ணைக் கவர்வது மேற்றளமே.

ஆண்டுதோறும் இயேசுவின் விண்ணேற்றத் திருநாளன்று டோஜ் இக்கலமேறிச் சென்று, கடலிலே பொன் மோதிரமொன்றை இட்டு அதனை மணந்துகொள்வான். இரண்டாம் பியேத்ரோ ஒர்செயோலோ 1000 ஆம் ஆண்டளவில் தல்மாத்தியக் கரைமீது நடத்திய படையெடுப்பின் நினைவாக இவ்விழா எழுந்தது. மோதிரத்தை 1177 இல் பாப்பரசர் மூன்றாம் அலெக்சாந்தர் அளித்தார் என்பது மரபு. மணமகன் மனைவிமீது கொள்ளும் உரிமையையே வெனிசு கடல்மீது கோரியது.

அவ்வுரிமையின் பொருளியல் அடிப்படை மிளகு முதலிய கீழைத்தேயச் சரக்குக்களாகும். மலையாளக் கரையிலிருந்து செங்கடல் வழியே அலெக்சாந்திரியா சேர்ந்த மிளகை வெனிசியர் வாங்கி ஐரோப்பாவெங்கும் விற்றனர். 1498 இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டை அடைந்ததும் வெனிசு வீழ்ந்தது எனப் பாடநூல்கள் சில கூறுவது மிகை. பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதன் மிளகு வாணிகம் மீண்டும் தளிர்த்தது. அதனை முறித்தோர் பின்வந்த ஒல்லாந்தரும் ஆங்கிலேயருமே. இதற்கிடையில் சைப்பிரசு 1573 இலும், கிரேத்தா 1669 இலும், மொறேயா 1718 இலும் துருக்கியர் வசமாயின. எனவே கனலெத்தோ தூரிகை எடுத்தபோது, மணமகனிடம் மோதிரமே எஞ்சியிருந்தது எனலாம்.

நாடகத் திரை தீட்டுபவரின் மகனான அவர், காட்சி பொலிவுற வேண்டிப் பல நோக்கிடங்களை ஒன்றாக்கிக் காட்டும் வழக்கமுடையவர். ஆதலின் அவர் ஓவியத்தை நிழற்படம் போற் கொள்ளுதல் தவறு. ஆயினும் விழா மெய். திரண்ட மக்களின் களிப்பும் மெய். வெனிசில் வாழ்ந்த ஆங்கில வணிகர் யோசேப் சிமிது வழியாக இவ்வோவியம் 1762 இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்கு விற்கப்பட்டது. பழைய கடலரசின் மணக்கோலத்தைப் புதிய கடலரசு விலைகொடுத்து வாங்கிற்று.

1797 மே மாதம் நெப்போலியனின் படைக்குப் பணிந்து குடியரசு கலைந்தது. அடுத்த ஆண்டில் பிரெஞ்சியர் புச்சின்தோரோவின் சிற்பங்களைப் பெயர்த்து, பொன்னைப் பிரித்தெடுத்தற்பொருட்டு எரித்தனர். எஞ்சிய அடிமரத்தில் பீரங்கிகள் ஏற்றப்பட்டன. பின்னர் அது சிறைக்கலமாகி, 1824 இல் உடைக்கப்பட்டது.