மாஸ்தி: கன்னடம் பெற்ற செல்வம்

கன்னடச் சிறுகதையின் தந்தை எனப் போற்றப்படுபவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். அவர்தம் இல்லத்து மொழியோ தமிழ். அடுகோடியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறி வாழும் தமிழராகிய நாம் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

1891-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், கோலார் மாவட்டம் மாலூர் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், வைணவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இளமையில் வறுமையை அறிந்தார். உறவினர் ஆதரவில் கல்வி கற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1914-இல் ஆங்கில இலக்கிய முதுகலைப் பட்டம் பெற்றார். மைசூர் அரசின் ஆட்சிப் பணியில் பல ஊர்களைச் சுற்றி வந்தார். அங்கெல்லாம் கண்ட எளிய மாந்தரே பின்னர் அவர் கதைகளில் உலவினர்.

'ஸ்ரீனிவாச' என்னும் புனைபெயரில் அவர் எழுதிய தொடக்கக் கதைகளுள் ஒன்று 'ரங்கன மதுவெ', அதாவது ரங்கனின் திருமணம். பெங்களூரில் ஆங்கிலம் பயின்று கிராமத்துக்குத் திரும்பிய இளைஞனைக் காண ஊரே திரள்கிறது. பூணூல் இன்னும் இருக்கிறதா என்பதே அவர்களுடைய ஐயம்! திருமணத்தைப் பற்றிப் புதுக்கருத்துப் பேசும் அவ்விளைஞனை, ஊர் நண்பர் ஒருவர் சோதிடரின் துணையோடு இனிய சூழ்ச்சி செய்து மணமகனாக்கிவிடுகிறார். திண்ணையில் அமர்ந்து அண்டை வீட்டார் பேசுவது போன்ற நடை. பழமையையும் அவர் இகழவில்லை, புதுமையையும் பழிக்கவில்லை. இரண்டையும் பார்த்துப் புன்னகை செய்கிறார். தமிழில் வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' வெளிவந்தது 1915-இல். ஏறத்தாழ ஒரே காலத்தில் இரு மொழிகளிலும் சிறுகதை வேர் ஊன்றியதை இதனால் அறிகிறோம்.

தமக்குப் பின்வந்தவருக்கு உயர்பதவி அளிக்கப்பட்டபோது, 1943-இல் மாஸ்தி பணியைத் துறந்தார். மறு ஆண்டு முதல் 1965 வரை 'ஜீவன' என்னும் இதழை நடத்தினார். குடகின் கடைசி அரசரைப் பற்றிய 'சிக்கவீர ராஜேந்திர' என்னும் நாவலுக்காக, 1983-ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு அவருக்குக் கிட்டியது. 1986-இல், தாம் பிறந்த அதே ஜூன் 6-ஆம் நாளன்று பெங்களூரில் மறைந்தார். 'மாஸ்தி கன்னடத ஆஸ்தி' என்பது கன்னட மக்கள் வழக்கு. 'ஆஸ்தி' என்ற சொல்லின் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

வாழும் ஊரின் மொழியைக் கற்றால் தாய்மொழி தேய்ந்துவிடும் என அஞ்சுவோர் நம்மிடையே உளர். தாய்மொழி தேய்வது பிறமொழி கற்பதால் அன்று. வீட்டில் அதனைப் பேசாமலும் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிக்காமலும் விடுவதால்தான். ஆகவே, மாலையில் நம் பிள்ளைகள் ஒரு தமிழ்க் கதை படிக்கட்டும். அடுத்து ஒரு கன்னடக் கதையும் படிக்கட்டும். மாஸ்தியின் கதையிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.