சாவி, கிரயம், பட்டா: புதுச்சேரியை மாற்றிய 3 சொற்கள்



ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்தால், மறுநாள் 16-ஆம் தேதியும் நம் புதுச்சேரியில் விழா. கீழூர் நினைவிடத்தில் கொடி ஏறும். நவம்பர் 1 வந்தால் விடுதலை நாள் என்று இன்னொரு விழா. நான் பாடம் நடத்திய காலத்தில் பிள்ளைகள் வருஷம் தவறாமல் கேட்ட கேள்வி இது: "நமக்கு மட்டும் ஏன் சார் 3 சுதந்திர தினம்?"

இதற்குப் பதில் 3 ஆங்கிலச் சொற்களில் இருக்கிறது. டிரான்ஸ்ஃபர், செஷன், மெர்ஜர். இந்தச் செஷன் சட்டசபைக் கூட்டத்தொடருக்குச் சொல்லும் செஷன் அல்ல. ஒலி ஒன்றுதான், எழுத்து வேறு, பொருளும் வேறு. விட்டுக்கொடுத்தல் என்று பொருள். தமிழில் நாம் மூன்றையும் "இணைப்பு" என்ற ஒரே சொல்லில் போட்டு அடைத்துவிட்டோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஊர்ப் பாஷையில் சொல்கிறேன். வீட்டை விற்க ஒப்புக்கொண்டவர் முதலில் சாவியைக் கொடுத்துவிட்டால், அது டிரான்ஸ்ஃபர். பத்திரப் பதிவு ஆபீசுக்கு வந்து கிரயம் எழுதிக் கொடுத்தால், அது செஷன். வாங்கியவர் அந்த மனையைத் தன் பழைய மனையோடு சேர்த்து ஒரே பட்டாவாக்கிவிட்டால், அது மெர்ஜர். சாவி கையில் இருப்பதால் மட்டும் வீடு நம்முடையது ஆகிவிடாது. கிரயம் ஆனதால் மட்டும் இரண்டு மனையும் ஒன்றாகிவிடாது.

இந்த மூன்று படியையும் வரிசையாகக் கடந்த ஊர் ஒன்று உண்டு. வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த சந்திரநாகூர். 1949 ஜூனில் அங்கே மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. 1950 மே 2-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1951 பிப்ரவரியில் பாரிசில் விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1952 ஜூனில் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. 1954 அக்டோபர் 2-ல் அது மேற்கு வங்க மாநிலத்தோடு கலந்தது. சாவி, கிரயம், பட்டா மூன்றும் முடிந்தன.

நம் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் சட்டசபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவுடன் சேர 170 பேர், எதிர்த்து 8 பேர். மூன்றாம் நாள், அக்டோபர் 21 அன்று, டெல்லியில் உடன்பாடு கையெழுத்தானது. நவம்பர் 1 அன்று பிரெஞ்சுப் பிரதிநிதி பியேர் லாந்தியிடமிருந்து கேவல் சிங் பொறுப்பேற்றார். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் இந்திய நிர்வாகத்துக்கு வந்தன.

ஆனால் அந்த உடன்பாடு கைமாற்றியது ஆட்சி அதிகாரத்தை மட்டும்தான். இதை "டி ஃபாக்டோ டிரான்ஸ்ஃபர்" என்பார்கள். டி ஃபாக்டோ என்றால் நடைமுறையில். டி ஜூரே என்றால் சட்டப்படி. இரண்டும் லத்தீன்.

கையோடு கிரயத்தையும் ஏன் முடிக்கவில்லை? பிரான்சின் 1946 அரசியல் சட்டம் 27-வது பிரிவின்படி, சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்க முடியாது. பாராளுமன்றமும் சட்டம் இயற்றி ஒப்புக்கொள்ள வேண்டும். சம்மதம் கீழூரில் கிடைத்துவிட்டது. பாராளுமன்றத்தின் ஒப்புதல்தான் இழுத்தது.

விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்ட்ரோரோக்கும் 1956 மே 28 அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆனால் அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. வினோதம் பாருங்கள், அந்தப் போர் தொடங்கிய நாளும் 1954 நவம்பர் 1-தான். அங்கே ஒரு பிடி மண்ணையும் விடமாட்டோம் என்று சண்டை போடும் நேரத்தில், இங்கே மண்ணை விட்டுக்கொடுக்கும் தாளைப் பாராளுமன்றத்தில் வைக்க எந்த அரசுக்குத் துணிவு வரும்? 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதையொட்டித்தான் நம் ஒப்பந்தத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று ஒப்புதல் பத்திரங்கள் பரிமாறப்பட்டன. அதுதான் டி ஜூரே நாள்.

இடையில் ஓடியது ஏறக்குறைய 8 வருஷம். சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். புதுச்சேரி நிர்வாகம் கொடுத்த ஒரு பஸ் பர்மிட் சம்பந்தமான தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. புதுச்சேரி இந்தியாவின் ஆட்சிப்பரப்புக்குள் வருகிறதா என்று நீதிபதிகள் மத்திய அரசையே கேட்டார்கள். வரவில்லை என்று மத்திய அரசு பதில் தந்தது. நீதிமன்றம் 1961 இறுதியில் அதை ஏற்றுத் தீர்ப்புச் சொன்னது. கொடி நம்முடையது, அதிகாரி நம்மவர், போலீஸ் நம்முடையது. மண் மட்டும் ஏட்டில் பிரான்சுடையது!

நான் சேதராப்பட்டில் பிறந்தது 1959-ல். அந்தக் கணக்குப்படி நான் பிறந்தது பிரெஞ்சு மண்ணில். பக்கத்தில் வானூர் தாலுகாவில் அதே வருஷம் பிறந்த என் மாமா பிள்ளை இந்திய மண்ணில் பிறந்தவன். இரண்டு வீட்டுக்கும் இடையில் வயல் வரப்புதான்.

இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. ஒப்பந்தப்படி, இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் 1962 ஆகஸ்ட் 16 முதல் தானாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். 18 வயது ஆகாத, மணமாகாத பிள்ளைகளுக்குத் தகப்பன் எடுத்த முடிவே முடிவு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீடுகளில் விஷயம் தெரிந்திருந்தது, பலர் எழுதிக் கொடுத்தார்கள். என் அப்பா ஏர் பிடித்தவர். எழுதிக் கொடுக்கவில்லை. "நவம்பர் 1-லேயே எல்லாம் முடிஞ்சு போச்சே, இன்னும் என்ன கையெழுத்து?" என்பாராம். சாவி வந்த அன்றே கிரயமும் ஆகிவிட்டது என்று நினைத்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. இன்றைக்கு ஒரே தெருவில் ஒரு வீட்டில் பிரான்சு பென்ஷனும் பாஸ்போர்ட்டும், எதிர் வீட்டில் ரேஷன் கார்டு. நடுவில் நின்றது அந்த 6 மாதம்.

அடுத்தது மூன்றாவது சொல், மெர்ஜர். 1956 ஒப்பந்தத்தின் 2-வது பிரிவு, நம் பகுதிக்கு இருந்த தனி நிர்வாக அந்தஸ்து தொடரும் என்றும், அதை மாற்றுவதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே மாற்றலாம் என்றும் சொல்கிறது. 1963 ஜூலை 1-ல் நாம் யூனியன் பிரதேசமாகச் சட்டசபையோடு நடக்கத் தொடங்கினோம். சந்திரநாகூர் போலப் பக்கத்து மாநிலத்தில் கலக்கவில்லை.

1979 ஜனவரியில், புதுச்சேரியைப் பக்கத்து மாநிலத்தோடு சேர்க்கலாம் என்ற பேச்சைப் பிரதமர் மொரார்ஜி தேசாய் எடுத்ததும் இங்கே பெரும் போராட்டம் வெடித்தது. யோசனை கைவிடப்பட்டது. 1954-ல் "இணைப்பு வேண்டும்" என்று முழங்கிய அதே ஊர், 25 வருஷத்தில் "இணைப்பு வேண்டாம்" என்று முழங்கியது. மக்கள் புத்தி மாறிவிட்டதாக அப்போது வெளியூர்ப் பெரியவர்கள் சிலர் எழுதினார்கள். மாறவே இல்லை. 1954-ல் கேட்டது நாட்டோடு சேர்வதை. 1979-ல் மறுத்தது மாநிலத்துக்குள் கரைவதை. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்லைப் போட்டதால் வந்த வினை.

ஆகவே பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 15, 1947-ல் நாடு பெற்ற சுதந்திரம். நவம்பர் 1, 1954-ல் சாவி கைக்கு வந்த நாள். ஆகஸ்ட் 16, 1962-ல் கிரயம் முடிந்த நாள். பட்டா இன்னும் தனிப் பட்டாதான். அதை மாநில அந்தஸ்தாக உயர்த்தக் கேட்பது வேறு விவகாரம், அதைப் பிறகு எழுதுகிறேன்.

1962-63-ல் உங்கள் வீட்டில் யாராவது எழுதிக் கொடுத்தார்களா, கொடுக்காமல் விட்டார்களா? விட்டது தெரிந்தா, தெரியாமலா? தாத்தா பாட்டி இருந்தால் இந்த வாரமே கேட்டு, கீழே எழுதுங்கள். அந்தத் தலைமுறையில் இன்னும் சிலர்தான் மிச்சம்.