துப்பாக்கிக் குழலில் ஒரு காலக்கணக்கு

மாமல்லபுரத்துத் தர்மராச ரதத்தில் 'அத்யந்தகாமன்' என்னும் விருதுப்பெயர் பல்லவ கிரந்தத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அது எந்த மன்னனைக் குறிக்கிறது என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. ஒரே விருதை ஒருவருக்கு மேற்பட்டோர் சூடியிருக்கலாம் என்பதே சிக்கல். எஃகில் பொறித்த எழுத்திலும் இத்தகைய சிக்கல் உண்டு. 'நைலான் 66' என்னும் துப்பாக்கி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

தேசிய மாணவர் படையில் பயின்றோர் 0.22 அங்குலத் துப்பாக்கியை அறிவர். அதன் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து உறையின் விளிம்பினுள் இருக்கும். ஊசி மோதி விளிம்பு நசுங்கினால்தான் வெடிக்கும். ஆகவே உறை மெல்லியதாக இருக்க வேண்டும். சிறிய தோட்டாக்களுக்கே இம்முறை ஏற்றது.

மாணவர்கள் கையாண்ட துப்பாக்கியின் கட்டை மரத்தாலானது. கடற்காற்றின் ஈரத்தில் மரம் உப்பும், குழலின்மீது அழுத்தம் மாறும், குறி தவறும். 1940களில் ஸ்டீவன்ஸ் நிறுவனம் டெனைட் என்னும் செல்லுலோஸ் பிளாஸ்டிக்கைக் கட்டைக்குப் பயன்படுத்திப் பார்த்தது. அது நாளடைவில் கோணிற்று, வெடிப்பு விட்டது.

1935இல் டூபாண்ட் ஆய்வகத்தில் கரோதர்ஸ் உருவாக்கிய நைலான் இக்குறையைப் பெரிதும் தீர்த்தது. ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட இரு பொருள்கள் மாறி மாறி இணைவதால் அதற்கு 66 என்று பெயர். மீன்வலைக்குப் பயன்படும் நைலான் 6 அதன் உடன்பிறப்பு. 1959இல் ரெமிங்டன் நிறுவனம் கட்டையை மட்டுமன்றி உடற்பகுதியையும் நைலானில் வார்த்தது. உள்ளுறுப்புகள் எண்ணெயின்றியே வழுக்கிச் சென்றன. பத்து லட்சத்துக்கும் மேல் விற்பனையாயின.

இதன் வயதை அறிவது எப்படி? குழலில் சிறிய ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலெழுத்து மாதம். கருமருந்தைக் குறிக்கும் 'பிளாக்பவுடர்' என்னும் சொல்லின் பதினோரு எழுத்துகளோடு ஓர் 'எக்ஸ்' சேர்த்தால் பன்னிரண்டு. 'பி' ஜனவரி, 'எல்' பிப்ரவரி, 'எக்ஸ்' டிசம்பர். ஒன்றேனும் இருமுறை வராத சொல்லைத் தேடிப் பிடித்தவர் கெட்டிக்காரர்தாம்! அடுத்த எழுத்து ஆண்டு. ஆனால் அதே எழுத்து முந்தைய சுற்றில் வேறோர் ஆண்டுக்கும் வழங்கியது. இங்கே நைலானே சாட்சி: 1959க்கு முன் இத்துப்பாக்கி இல்லை. 'வெள்ளைக்காரத் துரை தாத்தாவுக்குக் கொடுத்தது' என்னும் குடும்பக் கதை அப்போதே அடிபட்டுப் போகும்.

வரிசை எண் இன்னும் முக்கியமானது. நமது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி அடையாள எண்ணை அழிப்பது குற்றம். எண்ணில்லாத துப்பாக்கியைக் கண்டால் ஐயம் எழுவது இயல்பே. ஆனால் அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இவ்வகைத் துப்பாக்கிக்கு எண் கட்டாயமில்லை. தொடக்ககாலத் துப்பாக்கிகள் பல எண்ணின்றியே ஆலையை விட்டு வெளிவந்தன. இரண்டையும் பிரித்தறிய இயற்பியல் உதவும். எண்ணை அச்சடிக்கும்போது அடியிலுள்ள உலோகப் படிகங்கள் நசுங்குகின்றன. மேற்பரப்பை அராவினாலும் அந்த நசுங்கல் ஓரளவு ஆழத்தில் எஞ்சும். தடய அறிவியலார் அமிலம் தடவும்போது அவ்விடம் வேறு வேகத்தில் அரிக்கப்பட்டு எண் மீண்டும் தெரியக்கூடும். எண்ணே பொறிக்காத எஃகில் அத்தகைய தடம் இராது.

ஒன்று மட்டும்: எழுத்துகள் சொல்வது குழலின் பிறந்தநாளை. குழலை மாற்றியிருந்தால் மற்றப் பகுதிகளின் வயது வேறாக இருக்கலாம்.