வால்வு இல்லாத பம்பும் கணித சாஸ்திரமும்

திரவம் ஒன்றை ஒரே திசையில் செலுத்த வேண்டுமாயின், அது பின்னோக்கித் திரும்பாமல் தடுக்கும் வால்வு இருந்தே தீர வேண்டும் என்பதே எவர்க்கும் எளிதில் தோன்றும் கருத்து. அடிபம்பிலும் வால்வு உண்டு. நம் இருதயத்திலும் நான்கு உண்டு. அவ்வாறிருக்க, ஜெர்மானிய வைத்தியர் கெர்ஹார்ட் லீபாவ் என்பவர், மீள்தன்மை வாய்ந்த குழாயொன்றை நடுவிடத்தில் அல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிய இடத்தில் தாளகதியோடு அமுக்கி அமுக்கி விட்டால், வால்வு எதுவும் இன்றியே நீர் ஒரு திசை நோக்கிப் பிரவகிக்கிறது என்று 1954-இல் வெளியிட்டார். விரல்கொண்டும் செய்து பார்க்கக்கூடிய அந்தச் சோதனைக்குக் காரணம் காண முற்பட்ட கணிதத்தின் சரித்திரமே என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது.

நெகிழ் குழாய்ப் பம்புகளில் எளிய வகையும் உண்டு. உருளை குழாயை முற்றும் நசுக்கி உள்ளிருப்பதை முன்னே தள்ளிச் செல்லும் பம்பை, இரத்தம் ஏற்றுவதற்கென 1934-இல் அமெரிக்க வைத்தியர் மைக்கேல் டிபேக்கி செம்மைப்படுத்தினார். 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் நோயாளியின் இருதயத்தைத் திறந்து சிகிச்சை செய்தபோது, இருதயத்தின் வேலையை ஏற்ற அவருடைய யந்திரத்தில் இரத்தத்தை ஓட்டியவையும் அவ்வகைப் பம்புகளே. இங்கே கணக்கு எளிது: உருளைகளுக்கிடையே அகப்படும் அளவைச் சுற்றுக்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் போதும். ஆனால் சுவரில் சுருக்க அலை ஊர்ந்தும் குழாய் முற்றும் மூடாத இடத்தில் அவ்விதி செல்லாது. அலை நீண்டது, ஓட்டம் மெதுவானது என்று வைத்துக்கொண்டு, 1969-இல் ஷபிரோ, ஜாஃப்ரின், வைன்பர்க் ஆகிய மூவர் இதற்கு ஒரு தீர்வு கண்டனர்; மொத்தத் திரவம் முன்னேறும்போதே சில நிலைமைகளில் சுவரை ஒட்டிய பகுதி பின்வாங்குவதும் உண்டு என்பது அவர்கள் காட்டிய அரிய உண்மை.

லீபாவின் குழாயோ இதனினும் கடினமானது. சுவர் வளையும் வடிவம் தெரிந்தாலன்றித் திரவத்தின் அழுத்தத்தைக் கணிக்க இயலாது. அழுத்தம் தெரிந்தாலன்றிச் சுவரின் வடிவத்தைக் கணிக்க இயலாது. நாவியேயும் ஸ்டோக்ஸும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்தளித்த திரவ ஓட்டச் சமன்பாடுகள் கையில் இருந்தும், ஒன்றையொன்று நிர்ணயிக்கும் இவ்விரண்டையும் சேர்த்துத் தீர்க்கும் உபாயம் இல்லாதிருந்தது. அதை வகுத்தவர் சார்லஸ் பெஸ்கின். இருதய வால்வைச் சுற்றி இரத்தம் எங்ஙனம் ஓடுகிறது என்று அறிய விரும்பிய அவர், 1972-இல் வெளியிட்ட முறையில், திரவம் நிறைந்த வெளி முழுவதையும் அசையாத கட்டங்களாகப் பகுத்து, சுவரை மட்டும் வில்சுருள்களால் இணைந்த புள்ளிகளின் வரிசையாகக் கொண்டார். புள்ளிகள் இழுபடும் விசையை அருகிலுள்ள கட்டங்களுக்குப் பகிர்ந்தளித்து, அவ்விசையால் எழும் ஓட்டத்தைக் கணித்து, அவ்வோட்டத்தோடு புள்ளிகளையும் நகரவிட்டு, மீண்டும் விசையைக் கணிப்பது. இவ்வாறு சிறு சிறு காலத் துணுக்குகளாக எண்ணற்ற முறை செய்வது. கைக்கணக்குக்கு எட்டாத இவ்வேலையைக் கம்ப்யூட்டர் சலியாமல் செய்தது. சுவர் நகரும்போதெல்லாம் கட்டங்களைப் புதிதாக வரைய வேண்டியதில்லை என்பதே இதன் மேன்மை. இத்துறையில் இதற்கு ஒப்பான எளிமையும் ஆழமும் கூடிய யோசனையை நான் கண்டதில்லை.

இருதயத்துக்காகப் பிறந்த அம்முறையைப் பெஸ்கினும் யூனோக் ஜங்கும் 2001-இல் லீபாவின் பிரச்சினைக்குப் பிரயோகித்தனர். ஒரு பகுதி விறைப்பாகவும் மறுபகுதி நெகிழ்ச்சியாகவும் உள்ள குழாய் வளையத்தைக் கணக்கில் அமைத்து அமுக்கியபோது, வால்வின்றியே ஓட்டம் எழுந்தது மட்டுமன்று. அமுக்கும் வேகத்தை மாற்றினால் ஓட்டத்தின் அளவும் மாறியது, திசையே மாறுவதும் உண்டாயிற்று. குழாயில் எழும் அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால் இவ்வோட்டம் நிகழ்வதாகக் கருதப்படுகிறது.

வரிக்குதிரை மீன் எனப்படும் சிறு மீனின் கருவில், வால்வுகள் தோன்றுமுன் இருதயம் வெறுங்குழாயாகத் துடிக்கும் பருவத்தில், இரத்தத்தை ஓட்டுவது குடலைப் போன்ற ஊரும் அலை அன்று, லீபாவின் குழாயில் எழுவன போன்ற மீள்தன்மை அலைகளே என்று கலிபோர்னியாவின் ஆராய்ச்சியாளர்கள் 2006-இல் அறிவித்தனர். மனித இருதயமும் கருவில் குழாயாகவே துடிக்கத் தொடங்குகிறது. அங்கே நடப்பது எது என்று ஆராய்வோருக்கு இன்று வாய்த்துள்ள கருவிகளில் பெஸ்கினின் கணக்கு முறை தலைசிறந்தவற்றுள் ஒன்று என்பது என் முடிபு.