ஒரு வாக்கியம் வென்ற தேர்தல்



ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் மொழி. எங்கேனும் இடைத்தேர்தல் வந்துவிட்டால், எங்கள் ஊர்த் திண்ணைகளில் பெரியவர்கள் இப்பழமொழியை எடுத்தாள்வதை இளமையில் நான் கேட்டிருக்கிறேன். ஒரு தொகுதி மக்கள் அளிக்கும் தீர்ப்பைக் கொண்டு, நாடு முழுவதும் வீசும் காற்றின் திசையை அறிந்துவிடலாம் என்பது அவர்கள் கருத்து. அக்கருத்து எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை ஆராய, அமெரிக்க நாட்டில் 1991ஆம் ஆண்டு நடைபெற்ற ஓர் இடைத்தேர்தலின் வரலாற்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவில் காங்கிரஸ் என்பது கட்சியின் பெயர் அன்று, சட்டமன்றத்தின் பெயர். அதில் இரு சபைகள் உண்டு. பிரதிநிதிகள் சபையில் ஓர் இடம் காலியானால் அதனைத் தேர்தலால் மட்டுமே நிரப்ப இயலும். செனட் சபையில் காலியானால், அம்மாநிலக் கவர்னர் ஒருவரைத் தற்காலிகமாக நியமிக்கலாம். பின்னர் மக்கள் தேர்தலில் தீர்ப்பளிப்பர். இவ்வாறு நடைபெறுவதையே அந்நாட்டார் சிறப்புத் தேர்தல் என்கின்றனர். அதில் காலம் குறுகியது; வேட்பாளர் பலர் புதியவர்; வாக்களிக்க வருவோரும் பெரும்பாலும் குறைவு. ஆகவே நூறு கொள்கைகளை விளக்கிக் கொண்டிருக்கக் கட்சிகளுக்கு நேரமில்லை. மக்கள் மனத்தில் தங்கும் ஒரு செய்தியைத் தேர்ந்து, அதனையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

1991ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தின் செனட்டர் ஜான் ஹைன்ஸ் சென்ற சிறு விமானம் ஒரு ஹெலிகாப்டருடன் மோதி, அவர் உயிர் நீத்தார். அவர் குடியரசுக் கட்சியினர். ஆனால் கவர்னராக இருந்த ராபர்ட் கேசி ஜனநாயகக் கட்சியினர். கேசி முதலில் நாடியது மோட்டார்த் தொழில் அதிபர் லீ அயகோகாவை, அவர் மறுத்துவிட்டார். இறுதியில், தம் அரசில் தொழிலாளர் துறையைக் கவனித்துவந்த ஹாரிஸ் வோஃபர்டு என்பவரைக் கேசி நியமித்தார். அவருக்கு அப்போது வயது 65. அதற்கு முன் மக்கள் வாக்கைக் கேட்டு அவர் தேர்தலில் நின்றதே இல்லை.

இந்த வோஃபர்டு நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளில், 1949ஆம் ஆண்டு, அவர் தம் மனைவி கிளேருடன் இந்தியாவுக்கு வந்து காந்தியடிகளின் நெறியைப் பயின்றார். அப்பயணத்தின் பயனாக இருவரும் எழுதிய நூல் 1951இல் வெளிவந்தது. காந்தியடிகளின் அறப்போர் முறையை அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் கையாள வேண்டும் என்று தொடக்கத்திலேயே வற்புறுத்திய வெள்ளையர்களுள் அவர் ஒருவர். மார்ட்டின் லூதர் கிங்கின் நண்பர்.

தேர்தலில் ஒரு சொல்லின் வலிமையை அவர் முன்பே கண்டிருந்தார். 1960ஆம் ஆண்டு அக்டோபரில் கிங் சிறையிடப்பட்டபோது, அவர் மனைவியைத் தொலைபேசியில் அழைத்து ஆறுதல் கூறுமாறு வேட்பாளர் ஜான் கென்னடிக்கு யோசனை அனுப்பியவர் வோஃபர்டு. கென்னடி அவ்வாறே செய்தார். அச்செய்தியைத் தாங்கிய நீல நிறத் துண்டுப் பிரசுரங்கள், தேர்தலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, கறுப்பின மக்களின் தேவாலய வாயில்களில் இலட்சக்கணக்கில் வழங்கப்பட்டன. அத்தேர்தலில் கென்னடி நாடு முழுவதிலும் பெற்ற வாக்கு மிகுதி ஏறத்தாழ 1.1 இலட்சமே என்பதை எண்ணிப் பார்த்தால், அப்பிரசுரத்தின் எடை விளங்கும்.

இனி 1991க்கு வருவோம். வோஃபர்டை எதிர்த்து நின்றவர் ரிச்சர்டு தார்ன்பர்க். பென்சில்வேனியாவின் கவர்னராக எட்டு ஆண்டுகள் இருந்தவர். 1979இல் அம்மாநிலத்தின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தபோது பதற்றமின்றி நிலைமையைக் கையாண்டு பாராட்டுப் பெற்றவர். பின்னர் நாட்டின் அட்டர்னி ஜெனரலாக உயர்ந்தவர். அவருடைய தலைவரான ஜனாதிபதி ஜார்ஜ் புஷ், வளைகுடாப் போரின் வெற்றிக்குப் பின், 1991 மார்ச்சில் கருத்துக் கணிப்பொன்றில் 89 சதவீத மக்களின் ஆதரவைப் பெற்றிருந்தார். 1962க்குப் பின் அம்மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியினர் எவரும் செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை. தொடக்கக் கணிப்புகளில் வோஃபர்டு 40 சதவீதப் புள்ளிகளுக்கும் மேல் பின்தங்கியிருந்தார். இத்தகைய நிலையில் ஒரு கட்சி என்ன செய்யும்?

வோஃபர்டின் பிரசாரத்தை நடத்தியவர்கள் ஜேம்ஸ் கார்வில், பால் பெகாலா என்னும் இருவர். அவர்கள் வகுத்த வியூகத்தில் இரண்டு கூறுகளை நான் காண்கிறேன். முதலாவது, எதிரியின் பலத்தையே அவருடைய பலவீனமாக மாற்றுதல். வாஷிங்டனில் தமக்குள்ள அனுபவத்தையும் செல்வாக்கையும் தார்ன்பர்க் பெருமையுடன் முன்வைத்தார். நாட்டில் தொழில் மந்தம் நிலவி, வேலையிழந்தோர் தொகை பெருகியிருந்த நேரம் அது. வாஷிங்டனில் அதிகாரத்தில் இருந்தவர் நீங்கள்தானே, அங்கே எங்களுக்காக என்ன செய்தீர்கள் என்று வோஃபர்டு தரப்பினர் கேட்டனர். பெருமை பழியாயிற்று.

இரண்டாவது கூறே முக்கியமானது. பிலடெல்பியா நகரத்துக் கண் மருத்துவர் ஒருவர், ஒரு நாள் உரையாடலில் வோஃபர்டிடம் ஒரு கருத்தைச் சொன்னார். வோஃபர்டு அதனைத் தம் மேடைகளிலும் தொலைக்காட்சி விளம்பரத்திலும் முழக்கமாக ஆக்கிக்கொண்டார். குற்றம் செய்தவனுக்கு வழக்கறிஞரைப் பெறும் உரிமை இருக்குமானால், உழைத்து வாழும் அமெரிக்கருக்கு மருத்துவரைப் பெறும் உரிமை இருக்க வேண்டாமா என்பதே அதன் சாரம்.

இவ்வொரு வாக்கியம் ஏன் இத்துணை வலிமை பெற்றது? அந்நாட்டில் முதியோருக்கும் வறியோருக்கும் மருத்துவச் செலவில் உதவும் அரசுத் திட்டங்கள் 1965இல் ஏற்பட்டன. இடையில் உள்ள உழைக்கும் மக்களுக்கோ, பெரும்பாலும் வேலை தரும் முதலாளி வழியாகவே மருத்துவக் காப்பீடு. வேலை போனால் காப்பீடும் போயிற்று. 1991இல் ஏறக்குறைய 3.5 கோடிப் பேருக்குக் காப்பீடே இல்லை. காப்பீடு உள்ளவர்களும் நாளை அது நிலைக்குமோ என்று அஞ்சினர். அந்த அச்சம் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது; அதனை ஓர் அரசியல் கேள்வியாக எவரும் அம்மாநிலத்தில் தெளிவாகக் கேட்கவில்லை. மறுபுறம், வறிய குற்றவாளிக்கும் அரசே வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும் என்று 1963இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது; அது மக்கள் அனைவரும் அறிந்த செய்தி. அறிந்த உரிமையின் பக்கத்தில் அறியாத உரிமையை நிறுத்திக் காட்டியதே அவ்வாக்கியத்தின் திறம்.

தார்ன்பர்க், இதற்குச் செலவு எவ்வளவு, வரி எவ்வளவு என்று கேட்டார். நேர்மையாகச் சொன்னால், அது நியாயமான கேள்வியே. வோஃபர்டிடம் அதற்கு விரிவான திட்டம் இல்லை. ஆயினும், நோயாளியின் முன் கணக்குப் புத்தகத்தை நீட்டியவர் போலத் தார்ன்பர்க் தோன்றினார்.

நவம்பர் 5ஆம் நாள் மக்கள் தீர்ப்பளித்தனர். வோஃபர்டுக்கு 55 சதவீதம். தார்ன்பர்க்குக்கு 45 சதவீதம். வேறுபாடு 3 இலட்சம் வாக்குகளுக்கும் அதிகம். ஜனாதிபதி புஷ் தாம் மேற்கொள்ளவிருந்த ஆசியப் பயணத்தை ஒத்திவைத்தார். சில மாதங்களில் தாமும் ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை வெளியிட்டார். கார்வில், பெகாலா இருவரையும் பில் கிளிண்டன் தம் ஜனாதிபதித் தேர்தலுக்கு அழைத்துக்கொண்டார். அத்தேர்தல் அலுவலகத்தின் சுவரில் தொண்டர்களுக்கு நினைவூட்ட எழுதிவைத்த மூன்று வரிகளில் ஒன்று, மருத்துவ உதவியை மறவாதே என்பது. 1992இல் கிளிண்டன் வென்றார். ஒரு சோறு பதம் பார்த்தவர்கள் பிழை செய்யவில்லை.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை, நேயர்களே. வாக்கியத்தால் தேர்தலை வெல்லலாம். அதனைச் சட்டமாக்கச் செலவும் வரியும் வகுத்த திட்டம் வேண்டும். கிளிண்டன் 1993இல் கொண்டுவந்த மசோதா 1,300 பக்கங்களையும் தாண்டியது. காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. அதில் ஒரு கணவனும் மனைவியும் வீட்டில் அமர்ந்து, இத்திட்டத்தால் நமக்கு உள்ளதும் போய்விடுமோ என்று கவலையோடு பேசிக்கொள்வர். வோஃபர்டு எழுப்பியதும் வீட்டுக்குள் இருந்த அச்சம்; இவ்விளம்பரம் எழுப்பியதும் வீட்டுக்குள் இருந்த அச்சமே. 1994 செப்டம்பரில் மசோதா கைவிடப்பட்டது. இரண்டு மாதங்களுக்குள் நடந்த பொதுத் தேர்தலில், ரிக் சான்டோரம் என்பவரிடம் வோஃபர்டு சிறு வேறுபாட்டில் தோற்றார். 1991இல் அவரை உயர்த்திய வாக்குறுதி நிறைவேறாத கடனாகி, 1994இல் அவரை வீழ்த்திய காரணங்களுள் ஒன்றாயிற்று.

மேலும் 15 ஆண்டுகள் கழித்து மற்றொரு சிறப்புத் தேர்தல் வந்தது. செனட்டர் எட்வர்டு கென்னடி 2009 ஆகஸ்டில் மறைந்தார். மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தத்தைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் அவர். அவருடைய மாசசூசெட்ஸ் இடத்துக்கு 2010 ஜனவரி 19ஆம் நாள் தேர்தல் நடந்தது. விவாத மேடையில் அதனைக் கென்னடியின் இடம் என்று ஒருவர் குறிப்பிட, குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன், அது கென்னடியின் இடமன்று, மக்களின் இடம் என்று மறுத்தார். அவ்விடையும் ஒரு வாக்கியந்தான். அவர் வென்றார், அச்சீர்திருத்த மசோதாவைத் தடுக்க முனைந்தோர் பலம் பெற்றனர். ஆயினும் முன்னரே செனட்டில் நிறைவேறியிருந்த மசோதாவைப் பிரதிநிதிகள் சபை ஏற்றுக்கொள்ள, மார்ச் 23ஆம் நாள் ஜனாதிபதி பராக் ஒபாமா கையொப்பமிட்டார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2008 மார்ச்சில், பிலடெல்பியாவில் இன ஒற்றுமை குறித்து ஒபாமா ஆற்றிய புகழ்பெற்ற உரைக்கு முன் அவரை அவையோருக்கு அறிமுகம் செய்தவர், முதுமையுற்ற ஹாரிஸ் வோஃபர்டே ஆவார்.

வோஃபர்டு 2019ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், 92ஆம் வயதில் காலமானார். அன்று அமெரிக்கா மார்ட்டின் லூதர் கிங்கின் நினைவு நாளைக் கொண்டாடிக் கொண்டிருந்தது.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொன்னதில் உண்மை உண்டு. ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்து, பானை வெந்ததா என்று அறியலாம். ஆனால் வெந்த சோற்றை வடித்து, பசித்தவர் இலையில் இடுவது வேறு வேலை. பென்சில்வேனியா மக்கள் 1991இல் பதம் சொன்னார்கள். இலையில் சோறு விழ 19 ஆண்டுகள் ஆயின. இடைத்தேர்தலில் வென்ற கட்சிகள் வெற்றி விழா எடுக்கும்போதெல்லாம், இந்த 19 ஆண்டுகளையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று கூறி, என் பேச்சை முடிக்கிறேன்.